குழம்பக்கூடிய சொல்: இல்லை

போன மாதம் ஒரு இன்ஜினியர் அம்மா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற துறையில் இப்போது வேலை பார்ப்பவர். போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானத்தை வீசி ஏற்றுகிற இயந்திரத்தை இனிமேல் மின்சாரத்திலேயே ஓட்டப் போகிறார்களாம். நீராவிக் காலத்து விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டாததை அடித்துக்கொண்டு வருகிறார். ஒரு விதி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. "இயக்கும் இடத்தில் வாய்ச்சொல் எதுவும் உத்தரவு ஆகாது. இயக்கும் சாவி, தடத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் ஆளின் உடம்போடு இருக்க வேண்டும்." கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது, இதை எதற்காக எழுதினீர்கள், எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

எடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மாதமாக மழுப்பிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் உட்கார்ந்தேன்.

என் பேர் சவரிமுத்து. தருமபுரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்த வேதக்காரக் குடும்பம். வீட்டில் ஏழு பேரில் பள்ளி இறுதியைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். தாண்ட வைத்தது மூளை இல்லை, கையெழுத்து. முத்துமுத்தாக எழுதுவேன். வாத்தியார்கள் என் நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டு போய்க் காட்டுவார்கள். அந்தத் தலைக்கனம் கடைசிவரை போகவில்லை. பிறகு தட்டச்சு, பெங்களூரில் ஆறு மாதம் பாய்லர், அழுத்தமானி, பதிவேடு என்று ஒரு பயிற்சி. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சாப்பாடு நன்றாக இருந்தது.

தருமபுரி சேலத்திலிருந்து தனி ஜில்லாவாகப் பிரிந்த புதிதில், மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு ஏரியைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. ஏரிக்கடியில் எண்ணெய் இருக்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு பஸ் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்து, "எண்ணெ வந்துச்சுங்களா" என்று கேட்பார்கள். இன்னும் இல்லைங்க என்பேன். கடலைக் கண்ணால் பார்க்காத நான், கப்பலுக்கு வேலை செய்கிறேன் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடவா போகிறார்கள்?

வேலை இதுதான். கப்பலின் மேல்தளம், ஒரு விமானம் ஓடி எழும்புகிற அளவுக்கு நீளம் கிடையாது. அதனால் தளத்துக்கு அடியில் நீண்ட உருளைகளில் நீராவியை அடைத்து, அந்த விசையால் ஒரு கொக்கியை இழுப்பார்கள். கொக்கியில் மாட்டிய விமானம் இரண்டு மூன்று நொடியில் கப்பலைத் தாண்டி வானத்தில் இருக்கும். அந்த இயந்திரமும் அதன் வால்வும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பழுதானால் அங்கே எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நாமே ஒன்று செய்ய முடியுமா, அதையும் குட்டையான தடத்தில், குறைந்த நீராவியில் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஏரிக்கரை. ரயில்வே கழித்துப் போட்ட ஒரு இன்ஜினின் பாய்லரை மாரண்டஹள்ளி ஸ்டேஷனில் இறக்கி, ஆளும் மாடுமாகச் சேர்ந்து இழுத்து வந்து நட்டோம்.

விமானத்துக்குப் பதிலாக இரும்புப் பாளம் ஏற்றிய ஒரு வண்டி. அதைத் தடத்திலிருந்து ஏரிக்குள் வீசுவோம். ஒகேனக்கல்லிலிருந்து வந்த பரிசல்காரர்கள் முங்கி, கயிறு கட்டி, மறுபடி கரைக்கு இழுப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் லேசில் வெளியே வராது என்பதால் அந்த வண்டிக்கு எருமை என்று பேர் வைத்திருந்தோம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு கமாண்டர். பல வருஷம் கப்பலில் இருந்தவர், கொங்கணக் கரைக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது இரண்டே சொல்: "தொட்டுச் சொல்லு." ஆணி முறுக்கியாயிற்றா என்று கேட்பார். பார்த்தேன் சார் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஆணியின் மேல் கை வைத்துக்கொண்டு, தொட்டேன் என்று சொல்ல வேண்டும். அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்பதைக்கூடக் கண்ணாடியில் விரல் வைத்துத்தான் சொல்ல வேண்டும். கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவர் கட்சி. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு கண்டால் நம் மணிக்கட்டைப் பிடித்து, அந்த இடத்தில் கொண்டு போய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படிவம், எங்கள் வாயில் பாரம், போடச் சொன்னார். நான்தான் அச்சுக்குக் கொடுத்து வாங்கி வந்தேன். பொருள், தொட்டவர், நேரம். கடைசியில் ஒரு கட்டம்: "இதோடு குழம்பக்கூடியது." இடப்பக்க வால்வை வலப்பக்க வால்வு என்று ஒருவன் நினைத்ததால் கப்பலில் ஒரு ஆள் வெந்து போனதைப் பார்த்தவர் அவர். ஆகவே எந்தப் பொருளானாலும், அதைப்போலவே இருக்கிற இன்னொன்று எது என்று தேடி, அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். தேடினால் எதற்கும் ஒரு ஜோடி அகப்பட்டுவிடும். உடனே ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள் என்று பெயின்ட் அடிப்போம்.

வீசுகிற முறை இப்படி. எருமையைத் தடத்தில் நிறுத்தி, முன்னால் கொக்கியில் மாட்டுவோம். பின்னால் ஒரு உருக்குக் கண்ணி அதை இழுத்துப் பிடித்திருக்கும். அதற்கு நாங்கள் கடிவாளம் என்போம். முழு நீராவி பாயும்போது கடிவாளம் அறுந்துவிடும். அறுவதற்கென்றே செய்தது அது. ஒவ்வொரு வீச்சுக்கும் புதுக் கடிவாளம் மாட்டி, அது கழலாமல் இருக்க ஊசி செருகி, கடைசி ஆளாகத் தடத்தை விட்டு வருகிறவர் வெங்கடசாமி அண்ணன். ஓசூர்ப் பக்கத்து ஃபிட்டர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் நல்ல தமிழ். தள்ளி அடுக்கியிருந்த மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வந்து நின்று பச்சைக் கொடி காட்டுவார். தடத்தை ஒட்டிய குழிக்குள், நீராவியைத் திறந்துவிடும் பொத்தானில் கை வைத்தபடி மாதப்பா இருப்பான். பென்னாகரத்துப் பக்கம், கன்னடம் பேசுகிற குடும்பம். குழியில் ஒரு கண்ணாடி இடுக்கு வழியாகத்தான் அவனுக்கு வெளி உலகம். நீராவி கசிந்தால் அந்தக் கண்ணாடி வெளுத்துவிடும், கொடி தெரியாது. அதனால் கொடிக்குப் பிறகு ஒரு சொல்லும் வேண்டும் என்று முடிவானது.

கமாண்டர் முதலில் வைத்த சொல் "ஃபயர்." கப்பலில் அதுதான் வழக்கமாம். முதல் நாள் வெங்கடசாமி அண்ணன் அடித்தொண்டையில் "ஃபயர்" என்று கத்தினார். பாய்லர் காவலுக்கு இருந்தவர் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, தடத்தின் மேல் ஊற்றிவிட்டு, எங்கங்க பத்திக்கிச்சு என்று கேட்டார். அன்றைக்குக் கமாண்டர்கூடச் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களின் வாயில் தானாக வருகிற சின்னச் சொல் ஒன்றைக் கண்டுபிடி, பாரம் போட்டு எடுத்து வா என்றார்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாதப்பா பொத்தானைக் காட்டி எப்போதும் "ஒத்து" என்பான். கன்னடத்தில் அழுத்து என்று அர்த்தம். வெங்கடசாமி அண்ணனிடம் கேட்டேன். எங்க பாஷையிலயும் அதேதான், ஒத்துன்னா அமுக்கு என்றார். நமக்கும் ஒத்தடம் இருக்கிறது, கண்ணில் ஒத்திக்கொள்வது இருக்கிறது. மூன்று பாஷைக்கும் ஒத்துப்போன சொல் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தடத்திலிருந்து அண்ணன் கத்தினார், குழிக்குள் மாதப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது. சோதனை சரி. பாரத்தை எடுத்து எழுதினேன். பொருள்: "ஒத்து" என்னும் சொல். தொட்டவர்: சவரிமுத்து. கடைசிக் கட்டம் மிச்சம். இதோடு குழம்பக்கூடிய சொல் உண்டா என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை. பாலக்கோடு பஸ் வருகிற நேரம். முத்துமுத்தாக "இல்லை" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஒன்பது மாதம் அந்தச் சொல்லால் எருமை ஏரியில் விழுந்துகொண்டே இருந்தது. வால்வு திறக்கும் நேரம் குறைந்தது, தடத்தைக் கொஞ்சம் குட்டையாக்கினோம், வேகம் குறையவில்லை. டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாள் காலை பதினொரு மணி இருக்கும். கமாண்டர் ஏரிக்கரையின் அந்தக் கோடியில் பைனாகுலரோடு நின்றார். நான் குழியை ஒட்டிப் பதிவேட்டு மேசையில். ஒரு குழாய் மூட்டில் நீராவி கசிந்து மாதப்பாவின் கண்ணாடி வெளுத்திருந்தது. வெங்கடசாமி அண்ணன் பச்சைக் கொடி காட்டியதை நான் பார்த்தேன், குழிக்குள் குனிந்து கொடி ஆயிற்று என்றேன். இனி வர வேண்டியது சொல் மட்டும்தான். நான் தலையைக் குனிந்து கொடிக்கு நேரம் எழுதினேன். எழுத்து அழகாக வர வேண்டும் என்பதற்காக நான் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் எழுதுவேன்.

சொல் வந்தது. "ஒத்து, ஒத்து" என்று இரண்டு தடவை. வழக்கமாக ஒரு தடவைதான். மாதப்பா அழுத்தினான். எருமை பாதி விசையில் துள்ளிக் கோணலாக ஓடித் தடத்திலேயே சாய்ந்தது. நான் நிமிர்ந்தேன். வெங்கடசாமி அண்ணன் மூட்டைகளுக்குப் பின்னால் இல்லை. தடத்தின் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடிவாளம் அறுந்திருக்கவில்லை, ஊசி நழுவிக் கழன்றிருந்தது. அவர் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

அவர் அலறவில்லை. குழியிலிருந்து ஏறி வந்த மாதப்பாவை நிமிர்ந்து பார்த்து, "ஏன்டா மாதப்பா" என்று மட்டும் கேட்டார். ஓடிப்போய்த் தூக்கினேனா, நின்றேனா என்று இன்றைக்கும் தெரியாது. பரிசல்காரர் ஒருவர் தன் வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியது ஞாபகம் இருக்கிறது. ஜீப்பில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் மேசைக்குத் திரும்பிப் பதிவேட்டில் எழுதினேன்: "ஒத்து என்னும் சொல் கொடுக்கப்பட்டது. இயக்கப்பட்டது." அந்தப் பதற்றத்திலும் எழுத்து கோணவில்லை.

மூன்றாம் நாள் வாக்குமூலம் வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் கொதித்தது. இடுப்பிலும் தொடையிலும் எருமையின் சக்கரம் உரசிய காயம். கொடி காட்டிய பிறகு ஊசி சரியாக உட்காரவில்லை என்று பார்த்தேன், கொடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஊசியில் கை வைத்தேன், கை வைத்துக்கொண்டே ஒத்து என்று கத்தினேன் என்றார். நான் அப்படியே எழுதினேன். நமக்கு எதற்குச் சொந்தச் சரக்கு என்று ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். இடது கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். வெளியே வரும்போது, கையை உள்ளே வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்கு ஒத்து என்று கத்தினார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பாவம், புத்தி தடுமாறியிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். என் பதிவேட்டையும் வாக்குமூலத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். இரண்டிலும் ஒரே சொல். தடத்தில் கையை வைத்துக்கொண்டே இயக்கும் உத்தரவை வெங்கடசாமி தானே கொடுத்தார், விபத்துக்கு அவரே பொறுப்பு, வேலையிலிருந்து நீக்கலாம், மாதப்பா உத்தரவுப்படி நடந்தான், அவன் மேல் குற்றமில்லை என்று முடிவு எழுதினார். இத்தனை சுத்தமான பதிவேட்டைப் பார்த்ததில்லை என்று என்னைப் பாராட்டியும் எழுதினார். நீக்கல் உத்தரவு திங்கட்கிழமை கையெழுத்தாகும் என்றார்கள். ஒற்றைக் கை ஃபிட்டருக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன், எப்படிச் சொல்வது என்று தெரியாமல். மாதப்பா எனக்கு முன்னால் வந்திருந்தான். மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் அவனோடு பேசுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவன் வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டு, சாயங்காலம் போய்விடுவான்.

அன்றைக்கு அண்ணன் காய்ச்சலில் பாதித் தூக்கத்தில் இருந்தார். மாதப்பா தொடைப் பக்கம் பிடித்துவிட்டான். அண்ணன் முனகினார், "ஒத்து." மாதப்பாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவனிடம் பேசிய முதல் சொல் அது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான். "ஒத்து, ஒத்து" என்றார் அண்ணன், கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அவன் இரண்டு கையாலும் அழுத்தினான்.

தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்த அண்ணன் மனைவி லட்சுமம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அவரு வேணாம் வேணாம்ங்கறாரு. நீங்க எதுக்குங்க அமுக்கறீங்க?"

அக்கா, என்ன சொன்னார் அவர் என்று கேட்டேன். ஒத்துன்னாருங்க, எங்க பாஷையில வேணாம்னு அர்த்தம் என்றார். அமுக்குன்னும் அர்த்தம் உண்டில்ல என்றேன். அது வேற ஒத்துங்க, இது வேற ஒத்து என்றார். திரும்பத் திரும்ப இரண்டையும் சொல்லிக் காட்டினார். பக்கத்தில் நின்று கேட்டபோது மயிரிழை அளவில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. அண்ணன் கண் விழித்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே விளக்கினார், மெல்லிய குரலில்: "பத்துன்னு சொல்றோம்ல, அந்தத் து வந்தா அமுக்கு. பந்துன்னு சொல்றோம்ல, அந்தத் து வந்தா வேணாம்." நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே து. ஆக நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதியதாலேயே, வேண்டாம் என்று கதறிய மனுஷன் அழுத்து என்று சொன்னதாக ரேகை வைத்திருக்கிறார்.

மாதப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கும் நீங்க இதாண்ணா சொன்னீங்க?" என்று கேட்டான்.

"நில்லுன்னுதான் சொல்லணும். தெரியும். வாயில அதான் வந்துச்சு" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாதப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சொல்லிடுங்க சவரி, எம் மேல குத்தம் வந்தாலும் வரட்டும் என்றான். அவன் அப்படிச் சொல்வதற்கு யோசிக்கவே இல்லை. நான் யோசித்தேன். பஸ்ஸில் மாரண்டஹள்ளி வரைக்கும் யோசித்தேன். வாக்குமூலத்தைத் திருத்தினால் போதுமே, ஒன்பது மாதத்துக்கு முந்தைய பாரம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்று ஒரு மனசு சொன்னது. வெட்கக்கேடு, மறைத்து என்ன பயன், அந்த மனசோடுதான் கமாண்டர் அறைக்குள் போனேன். இரண்டு து பற்றி மட்டும் சொன்னேன். பாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். விசாரணை அதிகாரிக்குத் தந்தி கொடுத்து உத்தரவை நிறுத்தினார். அதிகாரி லேசில் நம்பவில்லை. ஒன்பது மாதம் வேலை செய்த சொல் ஒரே நாளில் எப்படி மாறும், கூட வேலை பார்ப்பவர்கள் கூடிப் பேசி அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். அப்படியானால் தொட்டுப் பார்த்துவிடுவோம் என்றார் கமாண்டர்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் கட்டோடு வந்தார். எருமையை மாட்டவில்லை, வால்வைப் பூட்டிவிட்டார்கள். பாய்லர் மட்டும் முழு அழுத்தத்தில் இரைந்தது. அண்ணன் அன்று கை வைத்த அதே இடத்தில் நின்றார். கமாண்டர் பக்கத்தில் நின்று, எந்தச் சொல்லைக் கத்துவது என்று ஒவ்வொரு தடவையும் காதில் சொல்லி, குழிக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் விரலால் காட்டினார்: ஒன்று என்றால் அழுத்து, இரண்டு என்றால் வேண்டாம். குழிக்குள் மாதப்பா, பக்கத்தில் விசாரணை அதிகாரி. அழுத்து என்று கேட்டால் மாதப்பா பொத்தானை அழுத்த வேண்டும், வேண்டாம் என்று கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். சொன்னது, கேட்டது. இந்தத் தடவை அடைப்புக்குறிக்குள் பத்து, பந்து என்று எழுதிக்கொண்டேன்.

அண்ணன் கத்தினார். மாதப்பா அழுத்தினான். சொன்னது பந்து. மறுபடி கத்தினார். அழுத்தினான். பத்து. மூன்றாவது தடவை கையைத் தூக்கினான், சொன்னது பத்து. இரண்டு சொல் இருக்கிறது என்று தெரிந்தும், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும், அவனால் பிரித்தறிய முடியவில்லை. அதிகாரி அவனை விலக்கிவிட்டுத் தானே பொத்தானில் உட்கார்ந்தார். அவர் தப்பாக அழுத்திய ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து, அதிகாரியிடம் ஐயா, இது வேண்டாம் என்று சொன்னது என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவை அப்படிச் சொன்னபோது அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். போதும் என்றார். தான் எழுதிய முடிவை நினைத்திருப்பார்.

விசாரணை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நீக்கல் உத்தரவு ரத்தானது. மாதப்பா மேலும் குற்றம் வரவில்லை. பொத்தானுக்கு ஒரு பூட்டு வைத்தோம். சாவியை வெங்கடசாமி அண்ணன் இடது மணிக்கட்டில் சங்கிலியில் கட்டிக்கொண்டுதான் தடத்துக்குப் போவார். அவர் திரும்பி வந்து, தன் கையால் சாவியைச் செருகினால்தான் பொத்தான் வேலை செய்யும். தடத்தில் ஆள் இருந்தால் சாவியும் தடத்தில் இருக்கும், யாரும் எதுவும் கத்த வேண்டியதில்லை. நாங்கள் செய்த வால்வைவிட அந்தப் பூட்டுதான் பிற்பாடு அதிக நாள் பயன்பட்டது. போனில் அந்த இன்ஜினியர் அம்மா கேட்ட விதி இதுதான்.

ஆனால் அன்று ஏரிக்கரையில் வேலை அதோடு முடியவில்லை. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். மாதப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியும், சொல்லவில்லை. கமாண்டர் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பாரம். நான் வந்து சொன்ன அன்றைக்கே அவர் அதைத் தேடி எடுத்துவிட்டார் போலிருக்கிறது, மூன்று வாரமாக வைத்துக்கொண்டு நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். கடைசிக் கட்டத்தில் "இல்லை" அத்தனை அழகாக இருந்தது. லை-யின் வளைவைக்கூட நிதானமாக இழுத்து எழுதியிருந்தேன்.

அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். காகிதத்தின் மேல் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெங்கடசாமி அண்ணன் பக்கம் அழைத்துப் போய், கட்டுப் போட்ட அந்தக் கையின் மேல் என் கையை வைத்தார்.

"தொட்டுச் சொல்லு" என்றார்.

துணிக்கட்டுக்குக் கீழே சூடு தெரிந்தது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "அண்ணா, நான் உங்கள கேக்கவே இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, கேக்காமயே இல்லைன்னு எழுதிட்டேன். நாந்தாண்ணா" என்றேன். எல்லாருக்கும் முன்னால் அழுதேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது.

"ஒத்து" என்றார்.

என் கை இன்னும் அந்தக் கட்டின் மேல்தான் இருந்தது, அழுத்தச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? காலம் முழுக்க இதை யோசித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. கேட்டுவிட்டேன்.

"எதுண்ணா? பத்தா, பந்தா?"

அவர் முதலில் விழித்தார். பிறகு, அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"பந்து" என்றார்.